55 கிலோடால்டனில் ஒரு பட்டை: ஏடிபி5ஏ ஆன்டிபாடி முரண்டு பிடிக்கும்போது

செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி-யைத் தயாரிக்கும் ஏடிபி சின்தேஸ் நொதியை வெஸ்டர்ன் பிளாட்டிலோ (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியால் தேடும் முறை) நுண்ணோக்கியிலோ பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதன் ஆல்பா துணையலகுக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் எடுப்பார்கள். குப்பியில் ஏடிபி5ஏ என்று எழுதியிருக்கும். இந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கிறது. அதன் தலைப்பகுதி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். எஃப்1 என்று அதற்குப் பெயர். அந்தத் தலையில் மூன்று ஆல்பா, மூன்று பீட்டா துணையலகுகள் ஆரஞ்சுச் சுளை மாதிரி மாறி மாறி அடுக்கியிருக்கும். மாட்டு இதயத்திலிருந்து எடுத்த எஃப்1-இன் படிக அமைப்பை ஜான் வாக்கரின் குழு 1994-இல் வெளியிட்டது. பால் பாயர் முன்பே சொல்லியிருந்த சுழலும் இயக்கமுறைக்கு அது வலு சேர்த்தது. 1997 வேதியியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

நமக்கு வேண்டிய செய்தி அந்த 'மூன்று ஆல்பா'தான். மைட்டோகாண்ட்ரியா உள்ள எந்தச் செல்லிலும் இந்தப் புரதம் ஏராளமாக இருக்கிறது. அதனால் இங்கே சிக்னல் குறைவதைவிட மிகுவதுதான் அதிகம் ஏமாற்றும். போதாக்குறைக்கு, ஆல்பா ஓடி நிற்கும் 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடம் ஜெல்லிலேயே நெரிசலான இடம். சரியான எடையில் பட்டை வந்துவிட்டது என்பதற்காக அது ஏடிபி5ஏ ஆகிவிடாது. கீழே சொல்லும் பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டில்தான் வந்து முடியும்.

எதையும் சோதிக்கும் முன் இரண்டு மாதிரிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இதயத் திசு லைசேட் (செல்களை உடைத்துக் கரைத்த கரைசல்). அதில் 5 மைக்ரோகிராம் ஏற்றினாலே பட்டை தெளிவாக வர வேண்டும். இன்னொன்று நன்றாகக் கழுவிய, வெள்ளணு கலக்காத முதிர்ந்த மனிதச் சிவப்பணுக்களின் லைசேட். அவற்றில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அந்த லேனில் (ஜெல்லில் அந்த மாதிரி ஓடும் பாதை) 55-இல் ஏதாவது தெரிந்தால், அது வேறு எங்கிருந்தோ வருகிறது.

பட்டை 55-இல் இல்லை, 25-இல் வருகிறது

ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன் வாங்கிய பெயரைப் பாருங்கள். ஆல்பா துணையலகின் மரபணுவுக்குப் பழைய பெயர் ஏடிபி5ஏ1, இப்போது ஏடிபி5எஃப்1ஏ. ஆனால் 'ஏடிபி5எஃப்1' என்று மட்டும் எழுதினால் அது பழைய பெயரிடலில் முற்றிலும் வேறு புரதம்: பி துணையலகு, இன்றைய பெயர் ஏடிபி5பிபி. அது சுமார் 25 கிலோடால்டனில்தான் ஓடும். கடைசி ஓர் எழுத்தை விட்டுவிட்டு ஆர்டர் போட்டால், நல்ல ஆன்டிபாடியே வரும். ஆனால் வேறு புரதத்துக்கு. பீட்டா துணையலகின் ஏடிபி5பி-யும் இதே போலக் கைமாறி வருவதுண்டு. அது சுமார் 52-இல் நிற்பதால், ஆல்பா இல்லை என்பது கண்ணில் படாமலேயே போகலாம்.

பட்டையே வரவில்லை

இவ்வளவு மிகுதியான புரதம் ஒரேயடியாகக் காணாமல் போனால், நான் ஆன்டிபாடியைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். முதலில் மெம்பிரேனை, எல்லாப் புரதங்களையும் காட்டும் பான்சோ சாயத்தில் நனைத்துப் பாருங்கள். எல்லா லேனிலும் இளஞ்சிவப்புக் கோடுகள் மேலிருந்து கீழ் வரை தெரிகின்றனவா? 50-க்கும் 60-க்கும் நடுவில் ஒரு வட்டமான வெள்ளைத் துளை இருந்தால் அங்கே டிரான்ஸ்ஃபரின்போது (ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மாற்றும்போது) காற்றுக் குமிழி மாட்டியிருக்கிறது. மெம்பிரேன் முழுக்க வெளுப்பாக இருந்தால், பிவிடிஎஃப் மெம்பிரேனை மெத்தனாலில் நனைக்காமல் போட்டிருக்கலாம், அல்லது ஜெல்லும் மெம்பிரேனும் மின்முனைகளுக்கு இடையே தலைகீழாக அமர்ந்திருக்கலாம். இந்த இரண்டு நிமிடச் சோதனையைத் தவிர்த்ததால் ஒரு வாரம் வீணானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பான்சோ நன்றாக இருந்தால் அடுத்தது செகண்டரி, அதாவது புரதத்தில் ஒட்டும் முதல் ஆன்டிபாடியை (பிரைமரி) பிடித்துச் சிக்னல் தரும் இரண்டாவது ஆன்டிபாடி. ஏடிபி5ஏ-வுக்குப் பரவலாகப் பயன்படும் ஆன்டிபாடிகளில் எலியில் செய்த மோனோகுளோனல்களும் உண்டு, முயலில் செய்தவையும் உண்டு. பக்கத்து மேசையிலிருந்து எடுத்த செகண்டரி முயலுக்கானதா, எலிக்கானதா என்று குப்பியைப் படித்துப் பாருங்கள். அப்புறம் சோடியம் அசைடு. ஆன்டிபாடி கெடாமல் இருக்க அதைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் அது, செகண்டரியில் ஒட்டியிருந்து ஒளியை உண்டாக்கும் எச்ஆர்பி நொதியை முடக்கிவிடும். பிரைமரியில் இருக்கும் கொஞ்சம் அசைடு கழுவும்போது போய்விடும், கவலையில்லை. எச்ஆர்பி ஒட்டிய செகண்டரியிலோ, அதைக் கரைக்கும் பஃபரிலோ அசைடு இருந்தால்தான் சிக்கல். ஒளிரும் சாயம் ஒட்டிய செகண்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் இதய லைசேட்டிலேயே பட்டை இல்லையென்றால், சரி, குப்பியைச் சந்தேகிக்கலாம். பல முறை உறைந்து உருகிய ஆன்டிபாடி வலுவிழக்கும். வாங்கிய அன்றே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைப்பதுதான் ஒரே வழி.

பட்டையின் நடுவில் வெள்ளை, அல்லது எல்லா லேனிலும் ஒரே கறுப்பு

இந்த ஆன்டிபாடியில் அடிக்கடி வருவது இதுதான். படத்தில் பட்டையின் ஓரங்கள் மட்டும் கறுத்து நடுப்பகுதி வெளுத்துக் கிடக்கும். இருட்டறையில் மெம்பிரேனை உற்றுப் பார்த்தால், சப்ஸ்ட்ரேட்டை (எச்ஆர்பி ஒளிரச் செய்யும் வேதிப்பொருள்) ஊற்றிய சில நொடிகளில் அந்த இடம் கண்ணுக்கே தெரியும்படி மினுக்கி அணைவதைப் பார்க்கலாம். வெளிச்சத்தில் எடுத்தால் அதே இடத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று விழுந்திருக்கும். அந்த இடத்தில் எச்ஆர்பி அளவுக்கு மீறிக் குவிந்து, சப்ஸ்ட்ரேட்டை நீங்கள் படம் எடுப்பதற்குள் தின்று தீர்த்துவிட்டது. படத்தை மட்டும் பார்ப்பவர் சிக்னல் இல்லை என்று நினைத்து ஆன்டிபாடியைக் கூட்டுவார். அது இன்னும் மோசமாகும்.

எதிர்த்திசையில் போங்கள். முதலில் செகண்டரியைக் குறையுங்கள். 1:5000 நீர்ப்பில் போட்டிருந்தால் 1:20000 வரை இறக்கிப் பார்க்கலாம். அப்புறம் புரத அளவு. மற்ற புரதங்களுக்கு 30 மைக்ரோகிராம் ஏற்றிப் பழகிய கை இங்கேயும் 30 ஏற்றும். செல் லைசேட்டுக்கு 10 போதும். பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியா என்றால் 2 அல்லது 3 மைக்ரோகிராமே பல நேரம் போதும். மிக உணர்திறன் கொண்ட, விலை உயர்ந்த சப்ஸ்ட்ரேட்டை இந்தப் புரதத்துக்கு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதாரணமானதே நன்றாக வேலை செய்யும்.

வெள்ளைப் பட்டையையாவது கண்டுபிடித்துவிடலாம். எல்லா லேனிலும் ஒரே அளவு கறுப்பாக, அழகாக வரும் படம்தான் எனக்குப் பயம். மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல் இரண்டிலும் ஏடிபி5ஏ ஒரே அளவு என்று அதிலிருந்து முடிவெடுத்துவிடுவோம். உண்மையில் கேமராவோ வேதிவினையோ உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டிருக்கும். பாதியாகக் குறைந்திருந்தாலும் தெரியாது. அதனால் எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் ஒரே மாதிரியை 2.5, 5, 10, 20 மைக்ரோகிராம் என்று நான்கு லேன்களில் ஏற்றி ஓட்டுங்கள். அளவு இரட்டிப்பாகும்போது பட்டையின் அடர்த்தியும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறதா? எந்த இடத்தில் ஏறுவது நிற்கிறதோ, அதற்குக் கீழேதான் உங்கள் சோதனை நடக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் ஆகும். ஆனால் இதைச் செய்யாமல் எடுத்த ஏடிபி5ஏ ஒப்பீட்டை நான் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, படமாக மட்டும்தான் பார்ப்பேன்.

இருக்கக் கூடாத லேனிலும் 55-இல் பட்டை

சிவப்பணு லேனிலோ, மைட்டோகாண்ட்ரியா நீக்கிய சைட்டோசால் (செல்லின் திரவப் பகுதி) லேனிலோ பட்டை வருகிறது. அல்லது எதைக் குறைத்தாலும் பட்டை குறையவே மாட்டேன் என்கிறது. இங்கேதான் அந்த நெரிசலைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆன்டிபாடியும் ஒரு புரதம்தான்; அதன் பெரிய பகுதியான கனச் சங்கிலி ஜெல்லில் 50-க்கும் 55-க்கும் இடையில் ஓடும். எலித் திசுவை லைசேட் செய்தால் அதில் எலியின் ரத்தத்தோடு அதன் சொந்த ஆன்டிபாடிகளும் வரும். அதை எலி மோனோகுளோனல் கொண்டு தேடினால், எலிக்கு எதிரான செகண்டரி அந்தக் கனச் சங்கிலியையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். விளைவு: ஏடிபி5ஏ-வின் இடத்தில் ஏடிபி5ஏ அல்லாத பட்டை. பிரைமரி போடாமல் செகண்டரி மட்டும் போட்ட ஒரு துண்டு மெம்பிரேன் இதை உடனே காட்டிக்கொடுக்கும். முயலில் செய்த பிரைமரிக்கு மாறினால் பிரச்சினை தீரும். அது முடியாவிட்டால் திசுவை எடுக்கும் முன் ரத்தத்தை நன்றாக வடித்துக் கழுவுங்கள். இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை இழுத்துப் பிரித்தெடுப்பது) செய்கிறவர்களுக்கு இதே தொல்லை இன்னும் பெரிது, ஏனென்றால் கனச் சங்கிலியை நாமே கைநிறையச் சேர்த்திருக்கிறோம். இழுப்பதற்கு ஓர் உயிரினத்தின் ஆன்டிபாடி, பார்ப்பதற்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது லோடிங் கன்ட்ரோல், அதாவது எல்லா லேனிலும் சம அளவு ஏற்றினோமா என்று பார்க்க உதவும் வேறொரு புரதம். டியூபுலினும் 50 முதல் 55 வரைதான். நான் ஒரு முறை ஏடிபி5ஏ-வைக் குறைக்க எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்த மாதிரிகளில் முதலில் டியூபுலினைப் பார்த்துவிட்டு, மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து (ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றி) அதே மெம்பிரேனில் ஏடிபி5ஏ போட்டேன். இரண்டும் எலி ஆன்டிபாடிகள். எல்லா லேனிலும் சமமான பட்டை. எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்யவில்லை என்று நினைத்து, வேறு வரிசை, வேறு டிரான்ஸ்ஃபெக்ஷன் (செல்லுக்குள் செலுத்தும்) முறை என்று மூன்று வாரம் மாற்றி மாற்றிச் செய்தேன். பிறகு ஒரு நாள் புது மெம்பிரேனில் ஏடிபி5ஏ மட்டும் போட்டபோது பட்டை தெளிவாகக் குறைந்திருந்தது. நான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது, ஸ்ட்ரிப் செய்த பிறகும் போகாமல் ஒட்டியிருந்த டியூபுலின் ஆன்டிபாடியை. அன்றிலிருந்து, பார்க்க வேண்டிய புரதத்தை முதலில் பார்ப்பது, கன்ட்ரோலை வேறு எடையில் வைத்துக்கொள்வது என்று மாற்றிக்கொண்டேன். செல்லின் மொத்தப் புரதத்துக்கு 37-இல் ஓடும் ஜிஏபிடிஎச் அல்லது 120-ஐ ஒட்டிய வின்குலின். மைட்டோகாண்ட்ரியாவின் அளவுக்கு 32-ஐ ஒட்டிய விடாக். எச்எஸ்பி60 மைட்டோகாண்ட்ரியப் புரதம்தான், ஆனால் 60-இல் நின்று தோளோடு தோள் உரசும்; வேண்டாம்.

எந்தக் கன்ட்ரோல் என்பது கேள்வியைப் பொறுத்தது. ஜிஏபிடிஎச் கொண்டு வகுத்தால் ஒரு செல்லில் ஏடிபி5ஏ எவ்வளவு என்று தெரியும். விடாக் கொண்டு வகுத்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எவ்வளவு என்று தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையே குறைந்த நிலையில் முதலாவது குறையும், இரண்டாவது அசையாது. இரண்டையும் போட்டுவிடுவது நல்லது.

தாவர மாதிரிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குளோரோபிளாஸ்டிலும் ஏடிபி சின்தேஸ் உண்டு, அதன் ஆல்பாவும் இதே எடை, அமினோ அமில வரிசையும் நெருங்கியது. கூடவே இலையில் மிகுதியாக உள்ள ரூபிஸ்கோ நொதியின் பெரிய துணையலகு அதே 55-இல் மலை போலக் குவிந்து பட்டையை நசுக்கும். இலையை விட்டுவிட்டு வேரிலிருந்து தொடங்குங்கள்.

கூடுதல் பட்டைகள்

55-க்குக் கீழே படிப்படியாக மங்கலான பட்டைகள் இருந்தால் புரதம் சிதைந்திருக்கிறது; புரோட்டியேஸ் தடுப்பானும் பனிக்கட்டியும் போதவில்லை. மேலே 59 அல்லது 60-இல் மெல்லிய இரண்டாவது பட்டை என்றால் அவசரப்பட்டு அழுக்கு என்று ஒதுக்காதீர்கள். ஆல்பா துணையலகு செல்லின் கருவில் (உட்கரு) உள்ள மரபணுவிலிருந்து உருவாகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும்போதுதான் அதன் முன்பகுதி வெட்டப்படுகிறது. மனிதரில் 553 அமினோ அமிலங்கள் உள்ள முன்வடிவம், சுமார் 60 கிலோடால்டன். வெட்டிய பிறகு 510, சுமார் 55. எஃப்சிசிபி போன்ற மருந்துகளால் சவ்வு மின்னழுத்தம் சரிந்து உள்ளே நுழைவது தடைபட்டால் வெட்டப்படாத வடிவம் தேங்கக்கூடும். மருந்து கொடுத்த லேனில் மட்டும் அந்தப் பட்டை வந்தால் அது உங்களுக்கு ஒரு தகவல்.

75-இலும் 130-ஐ ஒட்டியும் ஆழமான பட்டைகள் வந்தால், ஆன்டிபாடியில் பயோட்டினை ஒட்டி, அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடினால் காட்டும் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் பார்க்கிறீர்களா என்று கேட்பேன். பயோட்டின் ஒட்டிய கார்பாக்சிலேஸ் நொதிகள் மைட்டோகாண்ட்ரியாவிலேயே இருக்கின்றன. ஸ்ட்ரெப்டாவிடின் அவற்றை நேராகப் பிடித்துவிடும், உங்கள் ஆன்டிபாடிக்கு அதில் வேலையே இல்லை. கடைசியில் நுண்ணோக்கிப் பகுதியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

ஐந்து ஆன்டிபாடிக் கலவையில் ஒன்று மட்டும் வரவில்லை

சுவாசச் சங்கிலியின் ஐந்து தொகுதிகளுக்கும் (ஐந்தாவது ஏடிபி சின்தேஸ்) ஒவ்வோர் ஆன்டிபாடி கலந்து விற்கும் கலவையில் ஏடிபி5ஏ மேலே பளிச்சென்று வரும். நான்காம் தொகுதியின் எம்டிசிஓ1 மட்டும் காணாமல் போகும். மாதிரியை 95 டிகிரியில் கொதிக்க வைத்திருப்பீர்கள். நீரை வெறுக்கும் அந்தச் சவ்வுப் புரதம் சூட்டில் திரண்டுபோய் ஜெல்லுக்குள் நுழையாது. 37 அல்லது அதிகம் போனால் 50 டிகிரியில் சில நிமிடம் வைத்து ஏற்றுங்கள். ஏடிபி5ஏ இரண்டையும் தாங்கும். பெரிய ஏடிபி5ஏ பட்டை மற்றவற்றை மறைத்தால் மெம்பிரேனை 50-க்குக் கீழே, மூன்றாம் தொகுதியின் யூகியூசிஆர்சி2 நிற்கும் 48-ஐத் தொடாமல் வெட்டுவது கடினம். வெட்டுவதைவிட இரண்டு எக்ஸ்போஷர் எடுப்பது மேல், குறைந்த நேரம் ஒன்று, கூடுதல் நேரம் ஒன்று.

நாக்டவுன் (எஸ்ஐஆர்என்ஏ-வால் குறைத்தல்) செய்தும் குறையவில்லை

மேலே சொன்ன டியூபுலின் கதையும், உச்சத்தைத் தொட்ட சிக்னலும் இல்லையென்று உறுதி செய்த பிறகு நேரத்தைப் பாருங்கள். ஏடிபி சின்தேஸ் துணையலகுகள் நீண்ட ஆயுள் கொண்டவை. எம்ஆர்என்ஏ ஒரே நாளில் விழுந்துவிடும். ஏற்கெனவே நொதிக்குள் அமர்ந்த புரதம் பல நாள் இருக்கும். 48 மணி நேரத்தில் பிளாட் ஓட்டி ஏமாந்தவர்கள் 72, 96 மணி நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். செல்கள் பிரியும்போதுதான் பழைய புரதம் பங்கு பிரிந்து குறையும் என்பதால், பிரியாத செல்களில் இன்னும் காத்திருக்க வேண்டும். மரபணுவை முழுக்க நீக்கிய கன்ட்ரோல் கேட்டு, ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுபவர்கள் வற்புறுத்துவதுண்டு. இந்தப் புரதம் இல்லாமல் பல செல்கள் தடுமாறும் என்பதால் எஸ்ஐஆர்என்ஏ-தான் நடைமுறைக்கு ஒத்த வழி. இரண்டு வெவ்வேறு வரிசைகள் போட்டு இரண்டிலும் குறைந்தால் நம்பலாம்.

இதோடு சேர்ந்த ஒரு தவறான கன்ட்ரோலைச் சொல்லியே ஆக வேண்டும். எத்திடியம் புரோமைடு கொடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ-வை அழித்த ரோ-ஜீரோ செல்களை எடுத்து, 'இதில் ஆற்றல் தயாரிப்பே இல்லை, ஆகவே ஏடிபி5ஏ இருக்காது' என்று எதிர்பார்க்கிறார்கள். பட்டை வந்ததும் ஆன்டிபாடி பொய் என்கிறார்கள். ஆன்டிபாடி உண்மையைத்தான் சொல்கிறது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ தருவது இந்த நொதியின் ஏ, ஏ6எல் என்ற இரண்டு துணையலகுகளை மட்டும். ஆல்பா வருவது கருவிலிருந்து. எஃப்1 தலை ரோ-ஜீரோ செல்லிலும் உருவாகும். ஏடிபி-யை உடைத்து அந்தச் செல்லின் சவ்வு மின்னழுத்தத்தைத் தாங்க உதவுவதும் அதுதான். ரோ-ஜீரோவில் மறைய வேண்டியது எம்டிசிஓ1. அது மறைந்து ஏடிபி5ஏ நின்றால் உங்கள் செல்லும் சரி, ஆன்டிபாடியும் சரி.

நேட்டிவ் ஜெல்லில் மட்டும் தெரியவில்லை

புளூ நேட்டிவ் ஜெல்லில் நொதி மடிப்பு கலையாமல் ஓடும். நேராக விரிந்த புரதத்தை அடையாளம் காணும் ஆன்டிபாடிக்கு அதன் இலக்கு உள்ளே மறைந்திருக்கலாம். டிரான்ஸ்ஃபருக்கு முன் ஜெல்லை, புரத மடிப்பைக் கலைக்கும் எஸ்டிஎஸ் கரைசலில் சிறிது நேரம் ஊற வைத்தால் பெரும்பாலும் சரியாகும். பிவிடிஎஃப் மெம்பிரேனில் ஒட்டிய நீலச் சாயத்தை மெத்தனாலில் கழுவிவிடுங்கள். சுமார் 600 கிலோடால்டனில் ஒற்றை நொதி மட்டும் தெரிந்து இரட்டை வடிவம் தெரியாவிட்டால், கரைக்கப் பயன்படுத்திய டிடர்ஜென்ட்டைப் பாருங்கள். டோடெசில் மால்டோசைடு இரட்டையைப் பிரித்துவிடும், டிஜிடோனின் மென்மையானது. 400-ஐ ஒட்டி ஒரு பட்டை தனியே நின்றால் அது உடைந்து பிரிந்த எஃப்1 தலை.

நுண்ணோக்கியில் இழை இழையாகத் தெரியவில்லை

ஆல்பா துணையலகு உட்சவ்வுக்கும் உள்ளே, மேட்ரிக்ஸ் பக்கம் இருக்கிறது. ஆன்டிபாடி மூன்று சவ்வுகளைத் தாண்ட வேண்டும். செல் சவ்வை மட்டும் திறக்கும் குறைந்த அளவு டிஜிடோனின் போட்டால் அது வாசலிலேயே நின்றுவிடும். செல் முழுக்க மங்கலான மூட்டம்தான் தெரியும். 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, 0.1 முதல் 0.2 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம் வையுங்கள்.

இழைகள் எல்லாம் துண்டு துண்டாகப் புள்ளிகளாக இருந்தால், அது உங்கள் சிகிச்சையின் விளைவு என்று எழுதும் முன் கன்ட்ரோல் செல்லைப் பாருங்கள். குளிர்ந்த பஃபரை ஊற்றி, தட்டை மேசையில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு நிலைப்படுத்தினால் மைட்டோகாண்ட்ரியா அந்த இடைவெளியிலேயே உடைந்து உருண்டுவிடக்கூடும். பாராஃபார்மால்டிஹைடை 37 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுங்கள். இந்த ஒரே மாற்றத்தில் புள்ளிகள் நீண்ட நூல்களாக மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரு ஒளிர்ந்தால் பிரைமரியைக் குறையுங்கள். பிரைமரி இல்லாத தட்டிலும் ஒளிர்ந்தால் செகண்டரியை மாற்றுங்கள்.

திசு வெட்டுகளில் படம் மிக அழகாக, பாடப்புத்தகம் போல வந்துவிட்டால் அப்போதும் ஒரு சோதனை பாக்கி. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பயோட்டின் நிறைய உண்டு, அதுவும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். ஸ்ட்ரெப்டாவிடின் அடிப்படையில் நிறமேற்றினால் உங்கள் ஆன்டிபாடி ஒட்டாமலேயே மைட்டோகாண்ட்ரியா வடிவத்தில் நிறம் வரும். மற்ற புரதங்களில் இந்தப் போலி நிறம் தவறான இடத்தில் தெரிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அது நாம் எதிர்பார்த்த அதே இடத்தில் உட்காருகிறது. பிரைமரியை விட்டுவிட்டு மற்றெல்லாப் படிகளையும் செய்த ஒரு வெட்டு வையுங்கள். அதிலும் நிறம் வந்தால் அவிடின்-பயோட்டின் தடுப்புப் படியைச் சேருங்கள், அல்லது பயோட்டின் இல்லாத பாலிமர் முறைக்கு மாறிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.